மெல்லக் கற்பவன் மந்தனா?

நவராத்திரி நாட்களிலே திருகோணமலை மாவட்டத்தின் பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் பிள்ளைகள் சகலகலாவல்லி மாலையைப் பாடுவார்கள். நகரத்துக் கல்லூரிகளின் பெரிய மண்டபங்களிலும் அது ஒலிக்கும். தம்பலகாமம், திரியாய், மூதூர், சம்பூர் ஆகிய ஊர்களின் சிறிய பாடசாலைகளிலும் ஒலிக்கும். பத்துப் பாடல்களையும் மனனஞ் செய்து முன்வரிசையில் நின்று கணீரென்று பாடும் பிள்ளையும் உண்டு. பின்வரிசையில் ஒதுங்கி நின்று, ஒவ்வோர் அடியின் கடைசிச் சொல்லை மட்டும் மற்றவர்களோடு சேர்த்துச் சொல்லி ஒப்பேற்றிவிடும் பிள்ளையும் உண்டு. முன்னதைக் கெட்டிக்காரப் பிள்ளை என்றும் பின்னதை மொக்கு என்றும் ஊர் அந்தக் கணமே பிரித்துவிடுகின்றது. தாயும் தந்தையும் கேட்கும்படியாகவே சிலர் அதனைச் சொல்லியும் விடுகின்றார்கள். அந்த மாலையைப் பாடியருளியவர் ஐந்து வயது வரை ஒரு சொல்லும் பேசாதிருந்தவர் என்பது அவ்வேளையில் எவருடைய நினைவுக்கும் வருவதில்லை.

குமரகுருபர சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டிலே தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் அவதரித்தவர். தந்தையார் சண்முகசிகாமணிக் கவிராயர், தாயார் சிவகாமசுந்தரி அம்மையார். புலவர் வீட்டுப் பிள்ளை. ஆயினும் ஐந்து ஆண்டுகள் கடந்தும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. பெற்றோர் பிள்ளையைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று முருகப்பெருமான் சந்நிதியில் விரதம் பூண்டு கிடந்தார்கள் என்றும், அங்கே பெருமான் திருவருளால் வாய் திறந்த பிள்ளை கந்தர் கலிவெண்பாவைப் பாடிற்று என்றும் அவரது வரலாறு கூறுகின்றது. பின்னர் மதுரையிலே திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியவரும், தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரைக் குருவாகக் கொண்டவரும், காசியிலே மடம் நிறுவியவரும் அந்தப் பிள்ளையே.

இதனைக் கேட்கும் ஒருவர், 'அது தெய்வத்தின் அருட்செயல். மெல்லக் கற்கும் பிள்ளையின் கதைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று வினவக்கூடும். நியாயமான வினாவே. அருள் நிகழ்ந்த நாளைப் பற்றி இங்கு ஆராய வேண்டியதில்லை. அதற்கு முந்திய நாளை நோக்குவோரே இவ்வினாவுக்கு விடை காண்பர். அந்நாளில் ஸ்ரீவைகுண்டத்து அயலவர் ஒருவர் அந்தப் பிள்ளையைப் பார்த்து 'இது அறிவில்லாத பிள்ளை' என்று தீர்ப்புச் சொல்லியிருந்தால், அவர் கையிலிருந்த சான்று யாது? பிள்ளை பேசவில்லை என்பது ஒன்றே. பேசாதிருந்த ஐந்தாண்டுகளும் கேட்டிருந்ததா, கேட்டதை உள்ளே என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அவர் அறியார். காணாத ஒன்றைப் பற்றி, கண்ட ஒன்றை வைத்துச் சொல்லப்படும் தீர்ப்பு அது. மெல்லக் கற்கும் பிள்ளையைப் பற்றி ஊர் சொல்லுகின்ற தீர்ப்பும் பெரும்பாலும் இத்தகையதே.

மந்தபுத்தி என்ற சொல்லே இந்த மயக்கத்துக்கு ஒரு காரணம் எனலாம். மந்தம் என்பது மெதுவைக் குறிப்பது. மெதுவாகச் செல்லுதல் என்ற பொருளிலிருந்து அறிவுக்குறைவு என்ற பொருளுக்கு அச்சொல் எவ்வளவு எளிதாக நழுவிவிட்டது! சனீஸ்வரனுக்கும் மந்தன் என்றே பெயர். இராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் கிரகமாதலால் அப்பெயர். சனிக்கிழமைதோறும் எள்ளெண்ணெய் விளக்கேற்றி அவரை வணங்குகின்ற அடியார் எவரும், மெதுவாகச் செல்லுகின்றாரே என்று அவரைக் குறைத்து மதிப்பதில்லை. வீட்டிலிருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

தமிழ் இலக்கண மரபு இதனைப் பற்றி என்ன கூறுகின்றது என்பது ஈண்டு நோக்கற்பாலது. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை மூவகைப்படுத்துகின்றது. அன்னத்தையும் பசுவையும் ஒத்தவர் முதல் மாணாக்கர்; மண்ணையும் கிளியையும் ஒத்தவர் இடை மாணாக்கர்; ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியவற்றை ஒத்தவர் கடை மாணாக்கர். அன்னம் பாலையும் நீரையும் பிரிப்பதுபோல நல்லதைப் பிரித்தெடுப்பவன் முதல்வன் என்பது எல்லோரும் அறிந்ததே. அன்னத்தோடு ஒரே வரிசையில் பசுவையும் வைத்திருப்பதுதான் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பசு புல்லைக் கண்ட இடத்தில் வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்தில் அமைதியாகப் படுத்து, உண்டதைச் சிறிது சிறிதாக வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். தம்பலகாமத்து வயல்வெளியில் அறுவடைக்குப் பின் மாடுகள் மரநிழலிலே கிடப்பதைக் கண்டவர்களுக்கு அது எவ்வளவு நேரம் எடுக்கும் காரியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் பசுவை ஒருவர் பார்த்தால் அது ஒன்றுஞ் செய்யாமல் கிடப்பதாகவே நினைப்பார். சொல்லிக்கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் கிளியோ இடைத்தரத்துக்கே வருகின்றது. ஓட்டைக்குடம் இழிந்தது அது நீரை ஏற்கச் சுணங்கியதனாலன்று, ஏற்றதைத் தங்கவிடாமையினால். ஆடு இழிந்தது ஒரு செடியில் நில்லாமல் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் கடித்து ஓடுவதனால். இந்த எட்டு உவமைகளிலும் வேகம் என்ற அளவுகோல் ஓரிடத்திலேனும் இல்லை.

எனினும் நன்னூலை முன்னிறுத்தி வாதிடுவோர் இன்னொன்றை மறைத்தல் முறையன்று. அதே பாயிரத்தில், நூல் கற்பிக்கத் தகாதவர் என்று ஒரு பட்டியலும் உண்டு. செருக்கன், சோம்பேறி, கள்வன், சினத்தன், வஞ்சகன் ஆகியோருடன் மந்தனும் பிணியனும் அப்பட்டியலிற் சேர்க்கப்பட்டுள்ளனர். செருக்கும் களவும் ஒழுக்கத்தின் குற்றங்கள். மந்தமும் பிணியும் ஒருவன் தானாகத் தேடிக்கொண்ட குற்றங்களல்ல. ஆசிரியர் தம் விருப்பப்படி மாணாக்கனைத் தெரிந்துகொண்ட காலத்து விதி அது. 1945 ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நடைபெறும் நாட்டிலே, பிள்ளைகள் அனைவரும் பாடசாலைக்கு வரவேண்டும் என்று சட்டமே கூறுகின்ற காலத்திலே, அந்த ஒரு சொல்லைப் பவணந்தியாரிடமே விட்டுவிடுதல் தகும். பெரியோர் நூலாயினும் கொள்ளுவதும் தள்ளுவதும் கற்பவன் கடன். அன்னத்தின் குணம் என்று அவரே வகுத்தது அதைத்தான்.

மேலும், கற்கும் முறையைப் பற்றி அவரே தரும் கணக்கு மந்தனுக்குச் சாதகமாகவே இருக்கின்றது. பாடத்தை ஒருமுறைக்கு இருமுறை கேட்டால் பிழை குறையும். மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து எடுத்துரைக்கும் ஆற்றல் வரும் என்கின்றார். ஆசிரியர் சொன்னதை நன்கு கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது காற்பங்கு. உடன் கற்பவரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. பிறருக்கு எடுத்துச் சொல்லுவதால் மீதி அரைப்பங்கு. இக்கணக்கின்படி, நாற்பது நிமிடப் பாடவேளை முடிந்தவுடன் ஒரு பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்டு, விடை வராவிட்டால் மொக்கு என்று இருத்திவிடுபவர், முழுப் பாடத்தின் காற்பங்கை மட்டும் வைத்து முழுப் பிள்ளையையும் எடைபோடுகின்றார்.

மேல்நாட்டு அறிஞரும் சற்றேறக்குறைய இவ்விடத்துக்கே வந்து சேர்ந்திருக்கின்றார்கள் என்பது வியப்புக்குரியது. நுண்ணறிவை அளக்கும் பரீட்சையை 1905 ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் முதன்முதல் வகுத்தவர்கள் அல்பிரட் பினே என்பவரும் அவருடைய உடனாசிரியர் சிமோனும் ஆவர். பாடசாலையில் பின்தங்கும் பிள்ளைகளுள் சிறப்பான உதவி யாருக்குத் தேவை என்று கண்டுபிடிப்பதே அதன் நோக்கமாக இருந்தது. ஒருவனுடைய அறிவு பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டது, அதனைக் கூட்ட முடியாது என்று அக்காலத்தில் பேசியவர்களைப் பினே 1909 இல் வெளிவந்த தமது நூலிற் கடுமையாக மறுத்தார். அவர் 1911 இல் மறைந்தார். அவரது பரீட்சை அமெரிக்காவுக்குச் சென்று, ஒருவருடைய நெற்றியில் ஒட்டும் ஓர் இலக்கமாக மாறியது அதன் பின்னரே. உதவி செய்வதற்காகச் செய்த கருவி தரம் பிரிப்பதற்கு உதவியது. வேறு சில பரீட்சைகளின் வரலாறும் இதுவேயன்றோ!

1963 ஆம் ஆண்டில் ஜோன் கரோல் என்ற அமெரிக்க உளவியலாளர் இன்னொரு கருத்தை வெளியிட்டார். ஒரு பாடத்துக்கான இயல்பான ஆற்றல் என்பது, அதனைக் கற்று முடிக்க ஒருவருக்குத் தேவைப்படும் நேரமே என்றார் அவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தால் கற்றல் வேறுபடும். கற்றல் ஒரேயளவாக வேண்டுமானால் நேரம் வேறுபட வேண்டும். இதனை அடிப்படையாகக் கொண்டு பெஞ்சமின் புளூம் 1968 இல், போதிய நேரமும் பொருத்தமான உதவியும் கிடைப்பின் வகுப்பிலுள்ள மிகப் பெரும்பாலானோர் பாடத்தை முழுமையாகக் கற்கலாம் என்று வாதிட்டார். வேகமாகக் கற்பவனும் மெல்லக் கற்பவனும் ஒரே துறைக்குப் புறப்பட்ட இரண்டு தோணிகள். நேரம் முடிந்துவிட்டது என்று பாதிவழியில் மணியடித்தால், பின்னால் வந்த தோணி கரைசேர முடியாதது என்று ஆகிவிடுமா?

இன்னொரு செய்தி இதனினும் சுவையானது. 1970களில் பிரித்தானியத் தபாற்காரர்களுக்குத் தட்டச்சு கற்பிக்கும்போது இரண்டு அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவினர் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் பழகினார்கள். இன்னொரு குழுவினர் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் பழகினார்கள். நாட்கணக்கில் பார்த்தால் ஒரு மணிக் குழுவினர் பின்தங்கியவர்களாகவே தோன்றினார்கள். அவர்களுக்கே தங்கள் பயிற்சியில் திருப்தி இல்லை. ஆனால் மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது குறைந்த பயிற்சியில் தேர்ச்சி பெற்றவர்கள் அவர்களே. கற்றதை நெடுநாள் மறவாதிருந்தவர்களும் அவர்களே. 1978 இல் வெளியான இவ்வாய்வின்படி, மெதுவாகச் செல்லுகின்றோம் என்ற எண்ணம் கற்பவனுக்கே தன்னைப் பற்றிப் பிழையான செய்தியைச் சொல்லக்கூடும்.

இவ்வளவு சொன்னபின், மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வேகத்துக்கும் அறிவுக்கும் தொடர்பே இல்லை என்று கூறுவது மிகை. விரைந்து விளங்கிக்கொள்பவர்கள் நுண்ணறிவுப் பரீட்சைகளில் ஓரளவு கூடுதலான புள்ளி பெறுகின்றார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஓரளவு என்பதே இங்கு முக்கியம். அன்றியும், மெதுவாகக் கற்றல் சில வேளைகளில் உண்மையாகவே ஏதோ ஒன்றைத் தெரிவிக்கின்றது. காது சரியாகக் கேளாத பிள்ளை, கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளை, எழுத்துக்கள் இடம்மாறித் தோன்றும் வாசிப்பு இடர்ப்பாடுடைய பிள்ளை, காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்த பிள்ளை, வீட்டுச் சண்டையை நெஞ்சிற் சுமந்து வந்த பிள்ளை, யாவரும் வகுப்பில் ஒரேமாதிரி மெதுவாகவே தோன்றுவார்கள். மொக்கு என்ற ஒரு சொல்லால் மூடிவிட்டால் கண்ணாடி வேண்டியவனுக்குக் கண்ணாடியும் கிடைக்காது, கஞ்சி வேண்டியவனுக்குக் கஞ்சியும் கிடைக்காது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் இருக்கின்றார்கள். அவர்களை மறைத்து வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. ஒவ்வொரு மெல்லிய பிள்ளையும் குமரகுருபரராக மாறவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் இன்னொரு வகைக் கொடுமையே. ஒரு பிள்ளை அன்புக்குரியதாவதற்கு அது கடைசியில் புலவராக வேண்டியதில்லை.

திருகோணமலை மாவட்டத்தில் இவ்வினா வெறும் தத்துவ விசாரணை அன்று. 1990 ஆம் ஆண்டிலும் 2006 ஆம் ஆண்டிலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இங்குள்ளன. 2004 மார்கழி 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கொண்டுசென்ற கரையோர வீடுகளும் பாடசாலைகளும் உள்ளன. சம்பூர் மக்கள் 2006 இல் ஊரைவிட்டு வெளியேறி, 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே தம் மண்ணுக்கு மீண்டார்கள். இடைப்பட்ட காலத்தில் முகாமில் எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளை, கூடாரத்தின் நடுவே பாயில் இருந்து படித்த பிள்ளை, அதே வயதில் நகரத்துப் பிள்ளை எங்கே நின்றதோ அங்கே நிற்கவில்லை என்றால், அந்த இடைவெளியை எதன் பெயரால் அழைப்பது? பல்கலைக்கழக அனுமதியில் ஒரு பகுதி இடங்கள் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கென நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. திருகோணமலையும் அவற்றுள் ஒன்று. புள்ளியில் வாய்ப்பும் கலந்திருக்கின்றது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. நாடு ஒரு மாவட்டத்துக்குக் காட்டும் அந்த நிதானத்தை, வீடு ஒரு பிள்ளைக்குக் காட்டத் தயங்குகின்றது.

தரம் 5 புலமைப் பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளில் இத்தயக்கத்தைக் கண்கூடாகக் காணலாம். வறிய பிள்ளைக்கு உதவுதொகை கொடுப்பதும் நல்ல பாடசாலையிற் சேர இடங்கொடுப்பதும் அப்பரீட்சையின் நோக்கங்கள். நல்ல நோக்கங்களே. ஆனால் வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி கூடினவனுடைய படம் சந்தியிலே பதாகையாகத் தொங்குகின்றது. ஒரு புள்ளி குறைந்தவன் பல நாள் வெளியில் விளையாட வராமலிருக்கின்றான். இரண்டு புள்ளி இடைவெளியை அறிவுக்கும் அறிவின்மைக்கும் உள்ள இடைவெளியாக ஆக்கியது பரீட்சைத் திணைக்களம் அன்று, ஊர்தான். பத்து வயதில் மூடிய கதவைப் பிள்ளை பிறகு தானே தட்டிப் பார்ப்பதுமில்லை. 'எனக்குப் படிப்பு ஏறாது' என்று தன்னைப் பற்றித் தானே சொல்லப் பழகிவிடுகின்றது. பரீட்சையின் தீங்கைவிட இச்சொல்லின் தீங்கு பெரிது.

கடற்கரையில் ஊர் வேறுவிதமாக நடந்துகொள்கின்றது. கரைவலை போடும் இடத்தில், நீரின் நிறத்தைப் பார்த்து மீன் கூட்டம் வருவதைச் சொல்லும் முதியவரிடம், இதனைக் கற்க எத்தனை வருடம் சென்றது என்று எவரும் குறைவாகக் கேட்பதில்லை. அதிக வருடம் சென்றது என்றால் மதிப்புக் கூடுகின்றது. பெருங்கப்பலைத் துறைமுகத்துக்குள் நடத்திவரும் பைலட் கண்ணிமைப்பில் முடிவெடுக்க வேண்டியவர்தான். மெதுவாக யோசித்தால் கப்பல் பாறையில் ஏறும். ஆனால் அந்தக் கண்ணிமைப்பு பல ஆண்டுகள் மெல்ல மெல்லச் சேர்த்த பயிற்சியின் விளைவு. செய்வதில் வேகம் வேண்டும் என்பதும் கற்பதில் வேகம் வேண்டும் என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதுதான் வகுப்பறை செய்த பிழை.

சைவ மரபு இதில் மிகவும் தெளிவாக இருந்திருக்கின்றது. ஞானசம்பந்தப் பிள்ளையார் மூன்று வயதிலே ஞானப்பால் உண்டு பாடினார். அப்பர் பெருமானோ சமண சமயத்திற் புகுந்து, நெடுங்காலம் வேறு வழியிற் சென்று, சூலைநோயுற்ற பின்னரே சைவத்துக்கு மீண்டு பாடத் தொடங்கினார். இவ்விருவரும் ஒரே காலத்தவர், ஒருவரையொருவர் வணங்கியவர். பிள்ளையாரே பெரியவரை அப்பர் என்றழைத்தார். கண்ணப்ப நாயனார் ஆறு நாளில் அடைந்ததைத் திருமூல நாயனார் ஆண்டுக்கு ஒரு பாடலாக மூவாயிரம் ஆண்டுகள் இருந்து பாடினார் என்று பெரியபுராண மரபு கூறுகின்றது. ஆறு நாளுக்கும் மூவாயிரம் ஆண்டுக்கும் ஒரே பீடந்தான். அறுபத்துமூவர் வரிசையில் ஆலயத்துச் சுற்றுப்பிரகாரத்திலே இருவரும் ஒரே உயரத்தில் நிற்கின்றார்கள். அயலிலுள்ள பௌத்த மக்களும் இதனையொத்த ஒரு கதையைப் போற்றுகின்றார்கள். நான்கு மாதம் முயன்றும் ஒரு பாடலை மனனஞ் செய்ய முடியாத சூளபந்தகரை அவருடைய தமையனாரே மடத்தைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். வாயிலில் நின்று அழுதவரிடம் புத்தபெருமான் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, அதனைத் தடவிக்கொண்டிருக்கும்படி கூறினாராம். துணி அழுக்காவதைக் கண்டே அவர் ஞானம் பெற்றார். பாடல் ஏறாத பிள்ளைக்குத் துணி கொடுக்கத் தெரிந்த ஆசிரியர் அவர்.

இம்மாவட்டத்தின் கல்விக்கு உழைத்த சுவாமி விபுலாநந்தரை எவரும் மெல்லக் கற்பவர் என்று சொல்லமாட்டார்கள். 1916 ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானத்திலும் தமிழிலும் உயர்ந்த பரீட்சைகளில் தேறியவர் அவர். பின்னர் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் பணியாற்றினார். அத்தகையவரே யாழ்நூலுக்கு எடுத்துக்கொண்ட காலம் பதினான்கு ஆண்டுகள் என்பர். 1947 ஆனி மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே சுவாமிகள் மறைந்தார். விரைவாகக் கற்கத் தெரிந்தவருக்கும் மெதுவாகக் கற்கவேண்டிய பொருள் ஒன்று இருந்தது.

இந்நிலையில், ஆலயங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடைபெறும் அறநெறி வகுப்புகளுக்குப் பாடசாலைக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அங்கே வெட்டுப்புள்ளி இல்லை. முடிக்கவேண்டிய பாடத்திட்டத்தின் அவசரமும் குறைவு. ஒரு தேவாரத்தை மூன்று கிழமையில் பாடமாக்குவதும் எட்டுக் கிழமையில் பாடமாக்குவதும் அங்கே ஒன்றாகவே கொள்ளப்படலாம். நன்னூலார் சொன்ன அரைப்பங்கு, அதாவது பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதால் வருவது, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே எப்போதும் வாய்க்கின்றது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களையே ஆசிரியர்கள் எழுப்புகின்றார்கள். எட்டுக் கிழமை எடுத்த பிள்ளைக்கு அந்தத் தேவாரத்தின் எந்தச் சொல் நாவில் இடறும், எந்த இடத்தில் மூச்சு முட்டும் என்பது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அடுத்த வாரம் புதிதாக வரும் ஆறு வயதுப் பிள்ளையை அதன் பக்கத்தில் இருத்திப் பார்க்கலாம்.